ராணுவத்தினரின் மன உறுதியை ஆய்வு செய்யப் போகிறீர்களா? தொடங்கும் முன் படிக்க வேண்டியது

உளவியல் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களில் பலருக்கு இந்தத் தலைப்பின் மேல் ஓர் ஈர்ப்பு உண்டு. கைடிடம் (ஆய்வு வழிகாட்டியிடம்) போய் "ராணுவ வீரர்களின் மன உறுதி" என்று சொன்னால் அவரும் உடனே தலையாட்டிவிடுவார். கஷ்டம் அதற்கு அப்புறம்தான் தொடங்கும். எந்த அளவுகோலை, அதாவது அளக்கும் கேள்வித்தாளை, எடுப்பது, யாரிடம் அனுமதி கேட்பது, எத்தனை பேர் வேண்டும், எப்போது போவது, எவ்வளவு செலவாகும்? எதுவுமே ஓரிடத்தில் எழுதி வைக்கப்பட்டிருக்காது. நான் அலைந்த அலைச்சலில் பாதியாவது, யாரேனும் முன்னாலேயே சொல்லியிருந்தால் மிச்சமாகியிருக்கும். உங்களுக்கு அது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "நான் எதையும் தாங்குவேன்" என்று ஒரு வீரர் தாளில் வட்டமிடுவது ஒன்று. தூக்கமில்லாத மூன்றாம் நாளிலும் அவர் தன் வேலையைப் பிசகாமல் செய்வது வேறொன்று. நீங்கள் தேடி வந்தது இரண்டாவதை. ஆனால் கையில் சுலபமாகக் கிடைப்பது முதலாவது. அதிலேயே நின்றுவிடாமல் இருக்கத்தான் கீழே உள்ள படிகள்.

1. எதை அளக்கப் போகிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதுங்கள்

மன உறுதி என்ற பெயரின் கீழ் குறைந்தது நான்கு கருத்துகள் புழங்குகின்றன. நான்கையும் கலந்து எழுதிவிட்டு வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) திணறுபவர்கள் நிறைய.

முதலாவது ஹார்டினஸ். சூசன் கோபாசா 1979-ல் நிறுவன நிர்வாகிகளை ஆராய்ந்து முன்வைத்தது. வேலையில் ஈடுபாடு, நிலைமை தன் கையில் இருக்கிறது என்ற எண்ணம், மாற்றத்தைச் சவாலாகப் பார்ப்பது என்று இதற்கு மூன்று கூறுகள். பால் பார்ட்டோன் இதை ராணுவத்துக்குக் கொண்டுவந்தார். 2008-ல் வெளியான அவரது ஆய்வில், அமெரிக்கச் சிறப்புப் படைத் தேர்வுக்கு வந்த 1,138 பேரில் தேறியவர்களின் ஹார்டினஸ் மதிப்பெண் தேறாதவர்களுடையதைவிட அதிகமாக இருந்தது.

இரண்டாவது, நேரடியாக மன உறுதி என்றே அழைக்கப்படுவது. பீட்டர் கிளஃப் குழுவினர் 2002-ல் மேற்சொன்ன மூன்றோடு தன்னம்பிக்கையையும் சேர்த்து நான்காக்கினார்கள். மூன்றாவது மீள்திறன். அடிபட்ட பின் பழைய நிலைக்குத் திரும்புவது பற்றியது. நான்காவது கிரிட். ஏஞ்சலா டக்வொர்த் 2007-ல் எழுதியது. நெடுநாள் இலக்கைக் கைவிடாமல் பற்றியிருப்பது பற்றியது.

இவற்றுக்குள் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் 11,000-க்கும் மேற்பட்ட கேடட்களை வைத்து 2019-ல் வெளிவந்த ஆய்வைப் பாருங்கள். முதல் கோடையின் கடும் பயிற்சியை யார் முடிப்பார்கள் என்பதைக் கணிக்க கிரிட் நன்றாக உதவியது. அதே கேடட்களின் படிப்பு மதிப்பெண்ணைக் கணிப்பதில் அறிவுத்திறன்தான் முந்தி நின்றது. அப்படியென்றால் "எதற்கான உறுதி?" என்ற கேள்வியைக் கேட்காமல் உறுதியை அளக்கவே முடியாது.

ஆகவே ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதுங்கள். எந்த நெருக்கடி? அந்த நெருக்கடியில் எந்தச் செயல் தொடர வேண்டும்? அதை யார் கண்ணால் பார்க்கிறார்? "நீண்ட சுமை நடையில் மழை பிடித்துக்கொண்ட பிறகும் வரைபடத்தைத் தப்பில்லாமல் வாசிப்பது, அதை செக்ஷன் கமாண்டர் (சிறு குழுவின் தலைவர்) பார்ப்பது" என்று குறிப்பாக எழுத முடிந்தால் ஆய்வு உருப்பெற்றுவிட்டது என்று பொருள். "எல்லாச் சூழலிலும் உறுதியாக இருத்தல்" என்று எழுதியிருந்தால் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கூடவே ஓர் எச்சரிக்கை. இந்தத் துறையின் ஆய்வுகளில் பெரும்பகுதி பயிற்சி முகாம்களிலும் தேர்வு முகாம்களிலும் எடுக்கப்பட்டவை. அவற்றை மேற்கோள் காட்டி "போர்க்களத்தில்" என்று எழுதிவிடாதீர்கள்.

2. அளவுகோலைத் தேர்ந்தெடுங்கள், உரிமத்தை அன்றைக்கே கேளுங்கள்

கேள்வித்தாள் இணையத்தில் கிடைக்கிறது என்பதற்காக அதை எடுத்துப் பயன்படுத்திவிட முடியாது. பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். டேட்டா சேர்த்து முடித்த பிறகு உரிமம் இல்லை என்று தெரிந்தால் அத்தனை தாளும் வீண்.

எம்டிக்யூ48 என்பது கிளஃப் குழுவின் 48 கேள்விகள் கொண்ட அளவுகோல். இது வணிக உரிமம் கொண்டது. ஆய்வு மாணவர்கள் தனியாக விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். இதன் நான்கு கூறுகள் டேட்டாவோடு சரியாகப் பொருந்துவதில்லை என்று 2012-ல் கடுமையான விமர்சனமும் வந்தது. தேர்வாளர் அதைக் கட்டாயம் கேட்பார், பதிலோடு போங்கள்.

எம்டிஐ என்பது டேனியல் குச்சியார்டி குழு 2015-ல் வெளியிட்ட 8 கேள்விகள் கொண்ட சிறு அளவுகோல். கேள்விகள் ஆய்வுக் கட்டுரையிலேயே இருக்கின்றன. களைத்துப்போன வீரரிடம் கொடுக்க இதுதான் ஏற்றது என்பது என் கருத்து. 48 கேள்விகளை அவர்கள் முன் வைத்தால் கடைசி இரண்டு பக்கங்களில் பதில்கள் ஒரே நேர்கோட்டில் இறங்குவதைப் பார்ப்பீர்கள்.

மீள்திறனையும் சேர்த்து அளக்க விரும்பினால் 6 கேள்விகள் கொண்ட சுருக்க மீள்திறன் அளவுகோல் 2008-லிருந்து இருக்கிறது. மீள்திறனுக்கான இன்னொன்றான கானர்-டேவிட்சன் அளவுகோலுக்கு ஆசிரியர்களிடம் கட்டணம் செலுத்தி அனுமதி பெற வேண்டும். பார்ட்டோனின் ஹார்டினஸ் அளவுகோலில் 15 கேள்விகள். கிரிட் அளவுகோல் 12 கேள்விகளிலும் 8 கேள்விகளிலும் கிடைக்கிறது.

எதை எடுத்தாலும் உருவாக்கியவருக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்துபூர்வமாக அனுமதி வாங்குங்கள். இலவசம் என்றாலும் வாங்குங்கள். அந்தப் பதிலை பிடிஎஃப் ஆக்கி வைத்துக்கொள்ளுங்கள், எத்திக்ஸ் கமிட்டி (ஆய்வு நெறிமுறைக் குழு) கேட்கும். மொழிபெயர்க்கப் போகிறீர்கள் என்றால் அதையும் அதே கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். பயன்படுத்தும் அனுமதியும் மொழிபெயர்க்கும் அனுமதியும் வேறு வேறு.

3. பக்கத்தில் நிற்பவரின் கண்ணையும் சேருங்கள்

எனக்கு ஒரே ஒரு ஆலோசனை சொல்லத்தான் இடம் கொடுத்தார்கள் என்றால் இதைத்தான் சொல்வேன். வீரர் தன்னைப் பற்றிச் சொல்வதை மட்டும் நம்பி ஆய்வை முடிக்காதீர்கள்.

ராணுவத்தில் உறுதி என்பது மரியாதைக்குரிய குணம். தனக்கு அது குறைவு என்று எழுதித்தர யாருக்கும் மனம் வராது. பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சூழலில் வளர்ந்த மனம் தன்னை அப்படித்தான் பார்க்கும். விளைவு, எல்லாருடைய மதிப்பெண்ணும் மேல்நுனியில் போய்க் குவிந்துவிடும், வித்தியாசம் தெரியாது, உங்கள் புள்ளியியலுக்கு வேலையே இருக்காது.

இதற்கு ஒரு நல்ல தீர்வு ஏற்கெனவே இருக்கிறது. பிரிட்டிஷ் ராணுவத்தில் காலாட்படைப் பயிற்சி பெறுபவர்களை வைத்து கேலம் ஆர்தர் குழு 2015-ல் ஓர் அளவுகோலை வெளியிட்டது. மொத்தம் 6 கேள்விகள்தான். பதில் சொல்வது வீரர் அல்ல, அவருடைய பயிற்றுநர். உடம்பு வலிக்கும்போது, வானிலை மோசமாகும்போது, சமீபத்தில் சொதப்பியிருக்கும்போது, கண்டிக்கப்பட்ட பிறகு, இந்த வீரரின் செயல்பாடு எந்த அளவுக்குக் குலையாமல் இருக்கிறது என்று அவர் மதிப்பிட வேண்டும். பாராசூட் படைப்பிரிவின் தேர்வு வாரத்தில் யார் எப்படிச் செய்வார்கள் என்பதைக் கணிக்கவும் இந்த மதிப்பீடு உதவியது.

இதிலும் ஒரு குழி உண்டு. ஒரு பயிற்றுநர் மாலை வேலை முடிந்து, தேநீர்க் கோப்பையை ஓரமாக வைத்துவிட்டு, பெயர்ப்பட்டியலை முழங்காலில் போட்டுக்கொண்டு நிரப்புவதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். முதல் நான்கைந்து பெயர்களுக்கு நின்று யோசித்தார். அப்புறம் ஒரு பெயர் வந்ததும் முகம் மலர்ந்தது. அந்த வீரருக்கு ஆறு கேள்விக்கும் ஒரே உயர்ந்த எண். அடுத்து வந்த பெயருக்கு உதட்டைப் பிதுக்கினார், ஆறுக்கும் ஒரே தாழ்ந்த எண். பிடித்த பிள்ளைக்கு எல்லாம் நல்லது, பிடிக்காத பிள்ளைக்கு எல்லாம் கெட்டது என்ற இந்தச் சாய்வு மனித இயல்பு, அவர்மேல் குற்றமில்லை.

தடுக்க வழி: ஆள்வாரியாக நிரப்பச் சொல்லாதீர்கள், கேள்விவாரியாக நிரப்பச் சொல்லுங்கள். முதல் கேள்வியை எல்லாருக்கும் முடித்த பிறகே இரண்டாவது தாள். முடிந்தால் ஒரே வீரரை இரண்டு பயிற்றுநர்கள் தனித்தனியாக மதிப்பிடட்டும். அந்த வீரரை நெருக்கடியில் பார்த்திராத பயிற்றுநரிடம் கேட்கவே கேட்காதீர்கள்.

4. அனுமதி: இரண்டு கதவு, இரண்டுக்கும் தனித்தனிச் சாவி

உங்கள் பல்கலைக்கழக எத்திக்ஸ் கமிட்டியின் ஒப்புதல் ஒன்று. ராணுவத் தரப்பின் அனுமதி இன்னொன்று. ஒன்று கிடைத்தால் மற்றது தானாக வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். சில நாடுகளில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கே தனி ஆய்வு நெறிமுறைக் குழு இருக்கிறது, பிரிட்டன் ஓர் உதாரணம். தெரிந்த அதிகாரி ஒருவர் "வாங்க, பார்த்துக்கலாம்" என்று வாய்மொழியாகச் சொல்வது அனுமதியே அல்ல. அவர் மாற்றலாகிப் போன மறுநாள் உங்களை அந்த வாசலில் யாருக்கும் தெரியாது. கமாண்டிங் ஆபீசரின் கையெழுத்தும் பதவி முத்திரையும் உள்ள கடிதம்தான் கணக்கு.

கட்டாயம் தயாராக இருக்க வேண்டிய ஆவணங்கள்:

- ஆய்வுத் திட்டம். முழு நீளப் பிரதி ஒன்று, அதிகாரிகளுக்காக இரண்டு பக்கச் சுருக்கம் ஒன்று. அதிகாரிகள் படிப்பது சுருக்கத்தைத்தான்.
- பங்கேற்பாளருக்கான தகவல் தாள், ஒப்புதல் படிவம். வீரர்கள் பேசும் மொழியில்.
- கேள்வித்தாள்களின் இறுதி வடிவம். பிறகு ஒரு கேள்வியை மாற்றினாலும் மறு ஒப்புதல் வாங்க வேண்டும்.
- அளவுகோல் உரிமக் கடிதங்கள்.
- டேட்டா எங்கே இருக்கும், யார் பார்ப்பார்கள், எப்போது அழிக்கப்படும் என்ற திட்டம்.
- யாராவது மனம் கலங்கினால் என்ன செய்வீர்கள் என்ற திட்டம். (ஒன்பதாம் படியில் விரிவாக.)
- பல்கலைக்கழக அடையாள அட்டை, கைடின் கடிதம்.

கமிட்டி மிக உன்னிப்பாகப் பார்க்கும் ஒரே விஷயம், வீரரால் உண்மையிலேயே "மாட்டேன்" என்று சொல்ல முடியுமா என்பது. கட்டளைக்குக் கீழ்ப்படிவதையே தொழிலாகக் கொண்டவரிடம் "விருப்பம் இருந்தால் மட்டும்" என்று சொல்வது வெறும் சடங்காகிவிடக் கூடாது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு விதிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. ஆட்களைச் சேர்க்கும் நேரத்தில் மேலதிகாரிகள் அந்த அறையில் இருக்கக் கூடாது. உங்கள் நாட்டில் அப்படி விதி இல்லாவிட்டாலும் உங்கள் திட்டத்தில் நீங்களாகவே எழுதிக்கொள்ளுங்கள். மறுத்தவர் யார் என்பது யாருக்கும் தெரியாதபடி, விருப்பமில்லாதவர் வெற்றுத் தாளை உறையில் போட்டு ஒட்டித் தந்துவிடலாம் என்ற ஏற்பாடு நன்றாக வேலை செய்யும்.

காலம்: இரண்டு அனுமதிகளும் மாதக்கணக்கில் இழுக்கும். உங்களுக்கு ஒரு வருடம் இருக்கிறது என்றால் பாதியை அனுமதிக்கே ஒதுக்குங்கள். காத்திருக்கும் காலத்தில் இலக்கிய ஆய்வையும் மொழிபெயர்ப்பையும் முடித்துவிடலாம்.

5. மொழிபெயர்ப்பு

ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப மூல மொழிக்குக் கொண்டுபோக, இரண்டையும் ஒப்பிட வேண்டும். இது எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. இல்லாதது ஒன்று உண்டு. எதிர்மறைக் கேள்விகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். சுருக்க மீள்திறன் அளவுகோலில் ஆறில் மூன்று கேள்விகள் எதிர்த்திசையில் கேட்கப்பட்டவை. களைப்பில் இருப்பவர் "கடினமாக இல்லை என்பதை மறுக்கிறேன்" போன்ற ஒரு வாக்கியத்தில் நிச்சயம் தடுமாறுவார். ஐந்தாறு பேரிடம் கொடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் அவர்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இதற்கு ஒரு மதியம் போதும்.

6. எத்தனை பேர், எந்த வாரம்

இரண்டு மதிப்பெண்களுக்கு இடையே நடுத்தரமான தொடர்பு, அதாவது 0.3 அளவு, இருக்கும் என்று எதிர்பார்த்தால், வழக்கமான 5 சதவீதப் பிழை எல்லையிலும் 80 சதவீத ஆற்றலிலும் (இருக்கும் தொடர்பைத் தவறவிடாமல் பிடிக்கும் வாய்ப்பு) ஏறக்குறைய 85 பேர் போதும். 0.2 என்றால் 195 பேர் அளவுக்கு ஏறிவிடும். ஜி-பவர் என்ற இலவச மென்பொருளில் இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். வரும் எண்ணோடு இன்னும் கால் பங்கு சேருங்கள். காயம், விடுப்பு, திடீர்ப் பணி என்று ஆட்கள் குறைந்துகொண்டே போவார்கள்.

ஒரே பிளட்டூனில் (சிறு படைப்பிரிவில்) இருப்பவர்கள் ஒரே மாதிரி பதில் தருவார்கள் என்பதையும் மறக்காதீர்கள். ஒரே பயிற்றுநர், ஒரே சாப்பாடு, ஒரே தண்டனை. ஆகவே ஒன்றிரண்டு பிளட்டூன்களிலிருந்தே 90 பேரை எடுப்பதைவிடப் பல பிளட்டூன்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது நல்லது.

எப்போது என்பதுதான் மிக முக்கியம். பயிற்சியின் கடைசி வாரத்தில் போய் அளந்தால் உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாருமே தாக்குப்பிடித்தவர்கள். விலகிப் போனவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். பிறகு "இவர்கள் எல்லாம் உறுதியானவர்கள்" என்று கண்டுபிடிப்பதில் என்ன பொருள்? முதல் வாரத்திலேயே ஒருமுறை அளந்துவிடுங்கள். நடுவில் ஒருமுறை, கடைசியில் ஒருமுறை. மூன்று முறை முடியாவிட்டால் முதல் வாரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். யார் விலகினார், ஏன் விலகினார் என்ற பதிவையும் யூனிட்டிடம் கேட்டு வாங்குங்கள். எலும்பு முறிந்து போனவரையும் மனம் வெறுத்துப் போனவரையும் ஒரே பட்டியலில் போடக் கூடாது.

விடுப்பு முடிந்து திரும்பிய நாள், தேர்வு முடிவு வரும் நாள், இரவுப் பயிற்சிக்கு மறுநாள் காலை ஆகியவற்றைத் தவிருங்கள். தூக்கமிழப்பு மட்டுமே பதிலை மாற்றிவிடும். அமெரிக்கக் கடற்படையின் சீல் என்ற சிறப்புப் படைப் பயிற்சியில் இருந்தவர்களை வைத்து ஹாரிஸ் லீபர்மன் குழு 2002-ல் வெளியிட்ட ஆய்வில், 72 மணி நேரம் தூங்காதவர்களின் கவனமும் வினைவேகமும் வெகுவாகக் குறைந்தன. தேர்ந்தெடுக்கப்பட்ட, மிக ஊக்கமுள்ள ஆட்கள் அவர்கள். உறுதி எவ்வளவு இருந்தாலும் உடம்பு தன் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். இதைப் புரிந்துகொண்டால், சோர்ந்த ஒருவரை உறுதியற்றவர் என்று எழுதும் தவறைச் செய்ய மாட்டீர்கள்.

7. செலவு

பெரிய செலவு அளவுகோல் உரிமம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். உண்மையில் பயணமும் அச்சடிப்பும்தான் தின்றுவிடும். யூனிட்டுக்குள் போனை அனுமதிக்காத இடங்கள் ஏராளம், ஆன்லைன் படிவத்தை நம்பிப் போகாதீர்கள். தாள், உறை, பேனா என்று எல்லாவற்றையும் நீங்களே கொண்டுபோக வேண்டும். குறித்த நாள் கடைசி நேரத்தில் தள்ளிப்போவது சகஜம், ஆகவே ஒவ்வொரு பயணத்துக்கும் இரண்டு மடங்கு ஒதுக்குங்கள்.

மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் மென்பொருள். ஆர், ஜாஸ்ப், ஜமோவி மூன்றும் இலவசம், உங்களுக்குத் தேவையான எல்லாக் கணக்கையும் போடும். விலை கொடுத்து வாங்க அவசியமே இல்லை.

உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனைப் பார்க்கலாமே என்று யாராவது ஆசை காட்டுவார்கள். மாதிரிக் குழாய், உறைபெட்டி, ஆய்வகக் கட்டணம் என்று செலவு சட்டென்று ஏறும். தவிரவும் கார்ட்டிசால் விழித்தெழுந்த 30 முதல் 45 நிமிடத்தில் உச்சத்துக்குப் போய் நாள் முழுக்க இறங்கும். எல்லாரிடமும் ஒரே நேரத்தில் எடுக்க முடியாவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை. முதல் ஆய்வுக்கு இது வேண்டாம்.

கைக்கடிகாரக் கருவிகளில் இதயத்துடிப்பை எடுப்பதும் அப்படியே, வேறு காரணத்துக்காக. உடற்பயிற்சி செயலியான ஸ்ட்ராவா வெளியிட்ட உலக வரைபடத்திலிருந்து ராணுவத் தளங்களின் ஓட்டப்பாதைகள் வெளியே தெரிந்தது 2018 ஜனவரியில் பெரிய செய்தியானது. அதற்குப் பிறகு இடம் காட்டும் எந்தக் கருவியையும் உள்ளே விட அதிகாரிகள் தயங்குவது நியாயம்தான்.

8. தாளைக் கொடுக்கும் நாள்

அறைக்குள் யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். நான் பார்த்த ஓர் அறையில், கதவோரம் சார்ஜென்ட் கைகட்டி நின்றிருந்த வரைக்கும் பேனாக்கள் வேகவேகமாக ஓடின. பக்கம் திருப்பும் சத்தம்கூட ஒரே தாளத்தில் கேட்டது. அவர் ஓர் அழைப்பு வந்து வெளியே போனார். பேனாக்கள் நின்றன. ஒருவர் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய், போட்ட வட்டத்தை அடித்துவிட்டு வேறு எண்ணைச் சுற்றினார். அவருக்குப் பின்னால் இன்னொருவரும் அதையே செய்தார்.

பெயர் தெரியாது என்ற நம்பிக்கை எவ்வளவு மாற்றம் கொண்டுவரும் என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. போர்ப்பணியிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களிடம் வழக்கமான மருத்துவப் பரிசோதனைப் படிவத்தில் கேட்டதையும் பெயரில்லாமல் கேட்டதையும் 2011-ல் வெளிவந்த ஓர் ஆய்வு ஒப்பிட்டது. மனச்சோர்வு, அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம் போன்றவற்றைச் சொன்னவர்களின் விகிதம் பெயரில்லாத படிவத்தில் இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம்.

ஆனால் மூன்று முறை அளக்கும்போது ஒரே ஆளின் தாள்களைச் சேர்க்க வேண்டுமே? அதற்கு சர்வீஸ் எண்ணைக் கேட்காதீர்கள். அம்மாவின் பெயரில் முதல் இரண்டு எழுத்து, பிறந்த தேதியின் நாள், முதலில் படித்த பள்ளியின் கடைசி எழுத்து என்று அவர்களே ஒரு குறியீட்டை உருவாக்கிக்கொள்ளும்படி செய்யுங்கள். பயிற்றுநர் மதிப்பீட்டை இதோடு இணைக்கப் பெயர்-குறியீட்டுப் பட்டியல் ஒன்று தேவைப்படும். ஆய்வுக்குத் தொடர்பில்லாத, யூனிட்டுக்கும் வெளியே உள்ள ஒருவரிடம் அது பூட்டி இருக்கட்டும். இப்படி ஒரு பட்டியல் இருப்பதை ஒப்புதல் படிவத்தில் சொல்லிவிடுங்கள். உங்கள் கணினியில் அதை வைத்துக்கொள்ளவே வேண்டாம்.

யூனிட்டின் பெயர், ஆள் பலம், இடம் ஆகியவற்றைத் தாளிலோ கோப்பின் பெயரிலோ எழுத வேண்டாம். "அ பிரிவு", "ஆ பிரிவு" என்று போடுங்கள், போதும்.

9. உறுதியையும் மௌனத்தையும் பிரித்துப் பாருங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் தாண்டிப் போகிறார்கள், என்னால் அதைப் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. அதிக மதிப்பெண் வாங்கியவர் நலமாக இருக்கிறார் என்று அர்த்தமில்லை. வேதனையை வெளியே காட்டாதவரும் அதே மதிப்பெண்ணைத்தான் வாங்குவார்.

சார்ல்ஸ் ஹோக் குழு ஈராக், ஆப்கானிஸ்தான் பணிக்குப் போய்வந்த அமெரிக்க வீரர்களை ஆராய்ந்து 2004-ல் முடிவை வெளியிட்டது. மனநலச் சிக்கல் இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்களில் உதவி தேடிப் போனவர்கள் 23 முதல் 40 சதவீதம் மட்டுமே. பலவீனமானவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம், உதவி தேவைப்பட்டவர்களிடம்தான் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. உறுதியைப் போற்றும் ஒரு கேள்வித்தாளை நீட்டி, அந்தப் பயத்தை நாமும் கூட்டிவிடக் கூடாது.

எனவே மன உறுதி அளவுகோலோடு மனச்சோர்வுக்கான பிஎச்க்யூ-9, பதற்றத்துக்கான ஜிஏடி-7 இரண்டையும் சேருங்கள். இரண்டுமே இலவசம், சில நிமிடங்களில் முடிந்துவிடும். பிஎச்க்யூ-9 படிவத்தின் ஒன்பதாம் கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதைக் கேட்டுவிட்டு, தாளை மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக உங்களுக்கு உரிமை இல்லை. யாராவது அந்த எண்ணம் இருப்பதாகக் குறித்தால் என்ன செய்வது என்பதைப் போகும் முன்பே முடிவு செய்யுங்கள். அன்றைக்கு உளவியலாளர் ஒருவர் வளாகத்தில் இருக்க வேண்டும். தாள்களை அதே நாளில் புரட்டிப் பார்க்க வேண்டும். எந்த நிலையில் ரகசியம் காக்கப்படாது, யாரிடம் சொல்லப்படும் என்பது ஒப்புதல் படிவத்திலேயே தெளிவான வார்த்தைகளில் இருக்க வேண்டும். இதற்கு ஆள் ஏற்பாடு செய்ய முடியவில்லை என்றால் அந்தக் கேள்வியைக் கேட்கும் தகுதி இன்னும் வரவில்லை என்று பொருள், காத்திருங்கள்.

தனிநபர் மதிப்பெண்ணை அதிகாரிகள் கேட்பார்கள். நல்ல எண்ணத்தோடே கேட்பார்கள். கொடுக்காதீர்கள். குழுச் சராசரி மட்டும் தரப்படும் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தால் அந்த நேரத்தில் சங்கடப்படாமல் மறுக்கலாம்.

10. முடிவை எழுதும்போது

சுயமதிப்பீட்டையும் பயிற்றுநர் மதிப்பீட்டையும் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடம்தான் உங்கள் ஆய்வின் சுவையான பகுதி. தன்னைத் தாழ்த்தி எழுதியவரைப் பயிற்றுநர் உயர்த்தி எழுதியிருந்தால், ஏன் என்று தேடுங்கள். இரண்டு மூன்று பேரிடம் நேர்காணல் எடுக்க முன்கூட்டியே அனுமதி வாங்கி வைத்திருந்தால் இங்கே கைகொடுக்கும்.

உறுதி என்பது பிறவிக் குணம் என்ற தொனியில் எழுதாதீர்கள். ஆர்தர் இடம்பெற்ற குழு 2018-ல் வெளியிட்ட ஆய்வில், பாராசூட் படைப்பிரிவில் பயிற்சி பெறுபவர்களுக்கு இலக்கு வகுத்தல், உடலைத் தளர்த்துதல், தனக்குத் தானே பேசிக்கொள்ளும் முறை, மனதுக்குள் ஒத்திகை பார்த்தல் ஆகியவற்றைக் கற்றுக்கொடுத்தார்கள். கற்றவர்களின் மன உறுதி மதிப்பீடும் தேர்வு வாரச் செயல்பாடும் மற்றவர்களுடையதைவிட மேம்பட்டன.

வெளியிடும் முன் ராணுவத் தரப்பு உங்கள் கட்டுரையைப் பாதுகாப்பு நோக்கில் பார்க்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கலாம். எத்தனை நாளுக்குள் பார்த்துத் தருவார்கள், எதை மட்டும் நீக்கச் சொல்லலாம் என்பதை அனுமதிக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள். இது இல்லாமல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாமல் ஒரு பருவத்தையே இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

11. அனுமதியே கிடைக்காவிட்டால்

இது அடிக்கடி நடக்கும், மனம் உடைந்துவிட வேண்டாம். இரண்டு வழிகள் உண்டு. ஓய்வுபெற்ற வீரர்களிடம் நேர்காணல் எடுக்கலாம். அவர்களிடம் போகப் பெரும்பாலும் பல்கலைக்கழக ஒப்புதலே போதும். ஆனால் நினைவு பழையதை மெருகேற்றிக் காட்டும் என்பதால் "நீங்கள் எவ்வளவு உறுதியாக இருந்தீர்கள்?" என்று கேட்காதீர்கள். ஒரு குறிப்பிட்ட இரவை எடுத்துக்கொண்டு, முதலில் என்ன செய்தீர்கள், அப்புறம் என்ன செய்தீர்கள், பக்கத்தில் யார் இருந்தார் என்று கேளுங்கள். இல்லையென்றால் ஏற்கெனவே சேகரித்த டேட்டாவை விண்ணப்பித்து வாங்கலாம். ஆர்மி ஸ்டார்ஸ் என்ற அமெரிக்க ராணுவ மனநல ஆய்வின் டேட்டா ஆய்வாளர்களுக்குக் கட்டுப்பாடுகளோடு கிடைக்கிறது. விண்ணப்பத்தோடு எத்திக்ஸ் கமிட்டிக் கடிதமும் டேட்டா பாதுகாப்புத் திட்டமும் கேட்பார்கள். நான்காம் படியில் தயாரித்த ஆவணங்களில் பெரும்பகுதியை இதற்கு அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம். ராணுவத்துக்கு விண்ணப்பம் அனுப்பும் வாரத்திலேயே இதற்கும் அனுப்பிவிடுங்கள், எது முதலில் வருகிறதோ அதில் தொடங்கலாம்.